ஏலத்தோட்டத்துக்கு எந்தக் கண்ணாடி? கம்பம், குமுளி கடைகளில் கிடைக்கும் நாலு வகையும், கண் பூஞ்சைக்கு ஒரு சொட்டு மருந்தும்

காய் எடுப்புக்கும் கவாத்துக்கும் பக்கத்தடுப்பு வைத்த பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) கண்ணாடி. புல்வெட்டும் மெஷின் பிடிக்கிறவருக்கு அதே கண்ணாடி, அதற்கு மேலே கம்பி வலை முகத்தடுப்பு. மருந்தடிக்க நாலு பக்கமும் மூடிய காகிள்ஸ். கம்பம், கூடலூர், குமுளி பக்கம் கடையில் போய் 'சேஃப்டி கண்ணாடி' என்று கேட்டால் எடுத்து நீட்டுவதில் இவை தவிர மற்றவை தோட்ட வேலைக்கு ஆகாது. விலை காரணமல்ல. கண்ணில் பூஞ்சை ஏறும் விதம்தான் காரணம்.

கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதில் மேல்தோல் பத்தில் ஒரு பங்குதான். அந்த மேல்தோல் கீறாமல் இருக்கிறவரை ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரியான பூஞ்சைகளால் உள்ளே நுழைய முடியாது. ஆனால் இந்தப் பூஞ்சைகள் இல்லாத இடம் தோட்டத்தில் கிடையாது. மட்கிய சருகு, மண், காய்ந்த தட்டை என்று எல்லாவற்றிலும் இருக்கும். கீழே பள்ளத்தாக்கில் நெல் உமியிலும் இருக்கும். கீறலைப் போடுவதும் பூஞ்சை வித்தை அதில் வைப்பதும் ஒரே இலை நுனிதான். ஏலச்செடியில் காய்ச்சரம் தூரடியிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். காய் எடுக்கிறவர் தட்டைகளுக்குள் தலையை விட்டுத்தான் ஆக வேண்டும், கண்ணும் காய்ந்த இலை நுனியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். கவாத்து நாளில் பழுத்த இலையை அறுத்து இழுக்கும்போது இன்னும் மோசம், இழுத்த வேகத்திலேயே முகத்துக்கு வரும்.

மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்து 1997இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாக பாக்டீரியா, ஏறக்குறைய அதே அளவு பூஞ்சை. குளிர்நாட்டுக் கணக்கு இப்படி இருக்காது. நம் பக்கத்தில் செடியால் அடிபட்ட கண் சிவந்தால் பூஞ்சையையும் முதல் நாளிலிருந்தே சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். இது ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. ஜீப்பில் பக்கத்தில் உட்காரப் பயப்பட வேண்டாம்.

இனி கண்ணாடிகள்.

சாலையோரத்தில் தொங்கும் கூலிங் கிளாஸை முதலிலேயே கழித்துவிடலாம். நிழல் மரத்தடியில் வெளிச்சமே குறைவு. கறுப்புக் கண்ணாடி போட்டவர் காயின் பருவம் தெரியாமல் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். நெற்றியில் இருக்கும் கண்ணாடி எதையும் தடுக்காது. பவர் இல்லாத சாதாரண வெள்ளைக் கண்ணாடியும் அப்படித்தான்: பக்கவாட்டில் திறந்து கிடக்கும், அடிபட்டால் உடைந்து சில்லாகும்.

இரண்டாவது வகைதான் நாங்கள் சிபாரிசு செய்வது. ஒரே துண்டாக வளைந்து, காதுப் பக்கம் அகலமான தடுப்போடு வரும் பாலிகார்பனேட் கண்ணாடி. 100 முதல் 200 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். வாங்கும்போது லென்ஸின் ஓரத்தையும் காதில் மாட்டும் காம்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இ.என். 166 என்று பொறித்திருந்தால் அது ஐரோப்பியத் தரம், இசட்87 என்றால் அமெரிக்கத் தரம், ஐ.எஸ். 5983 என்றால் நம் நாட்டுத் தரம். எதுவுமே பொறிக்காமல் அட்டையில் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஐரோப்பியக் குறியில் எழுத்துக்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'எஃப்' என்றால் விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டைத் தாங்கும். 'எஸ்' அதைவிடக் குறைந்த தரம்தான். 'கே' கீறல் தாங்குவது, 'என்' பனி பிடிக்காதது. ஏலத்தோட்டத்துக்கு 'எஃப்', 'என்' இரண்டும் வேண்டும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் 'எஃப்'.

அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுண்டுவிரலைக் காதோரப் பொட்டுப் பக்கமிருந்து மெல்லக் கண்ணை நோக்கிக் கொண்டு வாருங்கள். சட்டத்தில் இடிக்காமல் விரல் இமைமுடியைத் தொட்டால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. அதே இடைவெளியில் இலை நுனியும் வரும். புருவத்துக்கு மேலேயும் அப்படியே பாருங்கள். பெரும்பாலும் கடையில் ஒரே அளவுதான் வைத்திருப்பார்கள், அது ஆண் முகத்துக்கு வார்த்தது. காய் எடுக்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம். சின்ன முகத்துக்கு அது மூக்கிலிருந்து வழுகிக்கொண்டே இருக்கும். காம்பின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், பின்கழுத்தில் ஒரு கயிறும் போடுங்கள்.

இந்த வகையின் பெரிய குறை பனி பிடிப்பது. மலையில் ஜூன் தொடங்கிவிட்டால் மூடுபனியும் மழையும் விடாது. உடம்பு வியர்க்கும், லென்ஸ் குளிர்ந்திருக்கும், பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவது இந்த இடத்தில்தான். ஆளைத் திட்டிப் பயனில்லை. தலைத்துண்டை மூக்குக்கு மேல் ஏற்றிக் கட்டியிருந்தால் மூச்சு நேரே லென்ஸுக்குள் ஏறும், மூக்குக்குக் கீழே இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். பனி பிடிக்காத பூச்சு உள்ள கண்ணாடியாக இருந்தால் உள்பக்கத்தைத் துணியால் தேய்க்கவே கூடாது. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போய்விடும். பூச்சு இல்லாததற்குப் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு சொட்டு. உள்பக்கத்தில் விரலால் பூசி, லேசாக அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். காலையில் பூசினால் மதியம் மறுபடி பூச வேண்டியிருக்கும். தொந்தரவுதான், ஆனால் கண்ணாடி முகத்தில் தங்க வேறு வழியில்லை.

கழுவுவதற்கும் முறை உண்டு. முதலில் ஓடும் தண்ணீரில் காட்டி மண்ணை விழவிட வேண்டும், பிறகுதான் சோப்பு. காய்ந்த மண்ணோடு லுங்கி நுனியால் தேய்த்தால் ஒரு வாரத்தில் லென்ஸ் மங்கிப்போகும். ஏலப்பிசின் போகவில்லை என்று பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தின்னரோ போட வேண்டாம். பாலிகார்பனேட் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே மயிரிழை விரிசல் விட்டிருக்கும், அடுத்த அடிக்கு உடையும்.

மூன்றாவது, எலாஸ்டிக் பட்டையோடு முகத்தில் ஒட்டி உட்காரும் காகிள்ஸ். மருந்தடிக்க இதுதான். ஆனால் கடையில் இரண்டு ரகம் கலந்தே கிடக்கும். ஒன்றில் காற்றுப்போக ஓரத்தில் நேர்த்துளைகள். தூளும் மருந்துத் துளியும் அதே துளை வழியாக உள்ளே வரும். இன்னொன்றில் துளைக்கு மேல் மூடி போட்டு வளைந்து காற்று போகும். துளையை விளக்குக்கு நேரே பிடியுங்கள், வெளிச்சம் நேராகத் தெரிந்தால் அது முதல் ரகம், வேண்டாம். சட்டத்தில் 3 என்ற எண் இருந்தால் திரவத் துளி தாங்கும், 4 இருந்தால் பெருந்தூசி தாங்கும். நாள் முழுக்கக் காய் எடுக்க இதைக் கொடுத்துவிடாதீர்கள். வேக்காட்டில் ஒரு மணி நேரம் தாங்காது.

நாலாவது கம்பி வலை. இதைப் பற்றித்தான் வாதம் அதிகம். பனி பிடிக்காது, காற்றோட்டம் உண்டு, ஆகவே மெஷின்காரர்களுக்குப் பிடிக்கும். மெஷின் கணக்கைப் பாருங்கள்: நிமிடத்துக்கு 7000 சுற்று, நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு நைலான் கயிறு என்றால் கயிற்று நுனியின் வேகம் விநாடிக்கு 140 மீட்டரைத் தாண்டிவிடும். அது தட்டிவிடும் கல் அவ்வளவு வேகத்தில் வராவிட்டாலும், 45 மீட்டர் தாங்கும் கண்ணாடியை மட்டும் நம்பி நிற்கக் கூடாது என்பது தெரிகிறதல்லவா? வலை பெரிய கல்லை நிறுத்தும். ஆனால் பொடிக்கல், நறுக்கிய புல், சாறு எல்லாம் வலைத் துளையில் புகுந்து வரும். பூஞ்சை வருவது அந்தப் புல்லோடுதான். ஆகவே வலை மட்டும் போதாது, கண்ணாடி மட்டும் போதாது. முகம் முழுக்க மறைக்கும் வலைத்தடுப்பு, உள்ளே இரண்டாம் வகைக் கண்ணாடி. பணம் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் 'பி' குறி போட்ட காகிள்ஸ் வாங்கலாம், அது 120 மீட்டர் தாங்கும். சாதாரணக் கண்ணாடி வடிவத்தில் 'பி' வராது; யாராவது இருக்கிறது என்று விற்றால் நம்ப வேண்டாம். மெஷின் ஓடும்போது மற்றவர்கள் 15 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கண்ணில் கல் வாங்குவது பல நேரம் வெட்டுகிறவர் அல்ல, பின்னால் வெட்டிய புல்லை வாருகிறவர்.

ஏற்கெனவே பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதையே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். மேலே மாட்டிக்கொள்ளும் அகலமான ரகம் கிடைக்கிறது.

இவ்வளவும் இருந்தும் இலை கீறிவிட்டால்? கசக்கக் கூடாது. சுத்தமான குடிதண்ணீரால் கழுவலாம். மருந்து தெறித்திருந்தால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். துணி நுனியை உருட்டி எடுப்பது, நாக்கால் தூசி எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எல்லாம் இன்னும் நடக்கின்றன. கீறல் விழுந்த கருவிழிக்கு இவை ஒவ்வொன்றும் புதுக் கிருமியைக் கொண்டு சேர்க்கும் வழி. செடி கீறிய கண்ணை இறுக்கிக் கட்டுப்போட்டு மூடவும் வேண்டாம், மூடிய சூட்டில் கிருமி வளரும்.

அன்றைக்கே கண் பரிசோதனை மையத்துக்குப் போனால் ஃப்ளூரசின் என்ற சாயத் தாளைத் தொட்டு நீல விளக்கில் பார்ப்பார்கள். கீறல் இருந்தால் பச்சையாக மின்னும். நேபாளத்தில் பக்தபூரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு, கீறலுக்கு 1% குளோராம்பெனிகால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் கொடுத்தது. அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களுக்குப் புண் வரவில்லை. அந்த மருந்து பூஞ்சையைக் கொல்வதில்லை, பாக்டீரியாவைத் தடுக்கிறது. எனவே களிம்பு போட்டாயிற்று என்று இருந்துவிடக் கூடாது. பூஞ்சை மெதுவாக வரும். முதல் இரண்டு நாள் உறுத்தல் குறைந்த மாதிரி இருக்கும், பிறகு சில நாளிலோ இரண்டு வாரத்துக்குள்ளோ வலியும் கண்ணீரும் வெளிச்சக் கூச்சமும் திரும்பும். கருவிழியில் சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளி, ஓரம் இறகு போலப் பிசிறடித்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் என்றால் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

அப்போது போக வேண்டியது கருவிழிப் புண்ணைச் சுரண்டிப் பார்க்கும் வசதியுள்ள இடம். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்திலும் அடியிலும் மெல்லிய கத்தியால் சுரண்டி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் அன்றைக்கே தெரிந்துவிடும். வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு நாளாகும், மருந்து அதற்காகக் காத்திருக்காது. "சுரண்டிப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. பார்க்காமல் எழுதும் மருந்து ஊகம்தான். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குமுளியிலிருந்து தேனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கேரளப் பக்கம் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. மரக்கும் சொட்டு வலியை உடனே நிறுத்துவதால் சிலர் அதை வீட்டுக்குக் கேட்பார்கள். கொடுக்கமாட்டார்கள், கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தொடர்ந்து விட்டால் அதுவே கருவிழியைக் கரைக்கும்.

சொட்டு மருந்துக்கு வருவோம்: நாட்டாமைசின் 5%. இழைப்பூஞ்சைக்கு, அதிலும் ஃபியூசேரியத்துக்கு, முதல் மருந்து இதுதான். தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் 323 பேரை வைத்து நடந்து 2013இல் முடிவு வெளியான சோதனையில் புதிய மருந்தான வோரிகொனசோல் சொட்டைவிட இதைப் போட்டவர்களுக்குப் பார்வை நன்றாக இருந்தது, கருவிழி ஓட்டை விழுவதும் குறைந்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆகவே பழைய மருந்தாயிற்றே என்று மாற்றிக் கேட்க வேண்டாம்.

மருந்து நல்லது, பயன்படுத்துவதுதான் சிரமம். கரைசல் அல்ல, மருந்துத் துகள் கரையாமல் மிதக்கும் பால் மாதிரிக் கலவை. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் முதல் வாரம் தண்ணீரை விட்டுக்கொண்டு, கடைசியில் அடியில் தங்கிய மருந்தைக் குப்பையில் போடுவீர்கள். கண்ணுக்குள் ஆழமாக இறங்காது, அதனால்தான் டாக்டர் அவ்வப்போது மேல்தோலைச் சுரண்டி வழிவிடுகிறார். விட்டபின் புண்மேல் வெள்ளையாகப் படியும். சீழ் என்று பயந்து துடைக்க வேண்டாம், அது மருந்து.

அந்தச் சோதனையில் கொடுத்த அளவு: முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்றாம் வாரம் முடிய இரண்டு மணிக்கு ஒரு சொட்டு. உங்களுக்கு எழுதித் தருவது இதிலிருந்து மாறலாம். கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு. நாளைக்கு 16 சொட்டு என்றால் 5 மில்லி பாட்டில் ஆறு நாள், 3 மில்லி பாட்டில் நாலு நாள்கூட வராது. இது எல்லா மெடிக்கலிலும் கிடைக்கும் சரக்கல்ல. மலை ஏறும் முன்பே மருத்துவமனைக் கடையில் போதுமான அளவு வாங்கிவிட வேண்டும். பாட்டிலை ஜீப் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். கண் பாவையை விரிக்கும் இன்னொரு சொட்டும் கொடுத்திருப்பார்கள், இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே மணிக்கு ஒரு சொட்டு விட முடியாது. முதல் வாரம் அட்மிட் ஆகச் சொன்னால் ஆகிவிடுவதே லாபம். ஆறிய பிறகும் தழும்பு நிற்கலாம். கண்ணில் பூ விழுந்தது என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் அந்தத் தழும்புதான். மருந்துக்கு அடங்காமல் ஓட்டை விழும் நிலை வந்தால் கருவிழி மாற்று அறுவை.

கடைசியாக, வாங்கவே கூடாத ஒன்று: சிவந்த கண்ணுக்கு என்று மெடிக்கலில் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக்–ஸ்டீராய்டு கலவைச் சொட்டு. ஒரு நாளில் சிவப்பு இறங்கும், வலி குறையும், எல்லோருக்கும் திருப்தி. உள்ளே பூஞ்சையை எதிர்த்துக்கொண்டிருந்த உடம்பின் கையைத்தான் அது கட்டிப்போடுகிறது. பத்து நாள் கழித்து வரும்போது புண் ஆழம் போயிருக்கும், நாட்டாமைசினால் எட்ட முடியாது. அட்டையின் பொடி எழுத்தில் டெக்ஸாமெதாசோன், பீட்டாமெதாசோன், பிரட்னிசோலோன், லோட்டெப்ரட்னால், ஃப்ளூரோமெத்தலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. டாக்டர் பார்க்காமல் வேண்டாம்.

தோட்டத்து முதலுதவிப் பெட்டியை நிரப்புகிற சூப்பர்வைசர் அண்ணன்மார் இன்றைக்கே அதைத் திறந்து பார்க்கலாம். போன வருஷம் யாருக்கோ வாங்கி மிச்சமான ஸ்டீராய்டு சொட்டு கிடந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். சீல் உடைக்காத குடிதண்ணீர் பாட்டில் இரண்டு, டாக்டர் சீட்டோடு வாங்கிய, ஒரு வேளைக்கான குளோராம்பெனிகால் கண் களிம்புக் கேப்சூல்கள் ஒரு கட்டு, பக்கத்துக் கண் மையத்தின் போன் நம்பர், சின்ன முகத்துக்கும் பெரிய முகத்துக்கும் மாற்றுக் கண்ணாடி. கேப்சூல் ஒன்றை ஒருவர் ஒரு வேளைக்குத்தான் பயன்படுத்த வேண்டும். பாதி மீதி இருக்கிறதே என்று அடுத்தவர் கண்ணுக்குப் பிதுக்கக் கூடாது.